படை கொடுத்தோன் வினை

கொலை செய்தோன் பாவி என்பது எல்லாச் சமயத்தார்க்கும் ஒப்ப முடிந்த உண்மை. கொலைக்குக் கருவி கொடுத்தோன் நிலை யாது என்னும் வினாவோ அத்துணை எளிதில் முடிவதன்று. வாளை ஓங்கினவன் ஒருவன். அதனை வடித்தவன் ஒருவன். விலை கூறி விற்றவன் ஒருவன். விற்றற்கு இசைவு தந்த அரசன் ஒருவன். வெட்டுண்டு வீழ்ந்தாரது பழி ஓங்கின கையோடு நின்றுவிடுமா, அன்றி அக்கையில் வாளைக் கொணர்ந்து சேர்த்த கைகளையும் பற்றுமா? உலக நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஓங்கினவனை மட்டுமே தேடிப் பிடிக்கின்றன. வினையின் நீதி அவ்வளவில் அமையுமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வாராய்ச்சிக்குத் தகடூரினும் பொருத்தமான நிலைக்களம் காண்டல் அரிது. தகடூர் என்பது இக்காலத்துத் தருமபுரி. சேலம் மாவட்டத்தினின்றும் 1965ஆம் ஆண்டிற் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. தீர்த்தமலைப் பெருமான் வீற்றிருக்கும் அரூர்ப் பகுதியும் இதனகத்தது. பண்டு இது அதியமான் மரபினர் ஆண்ட நாடு. வேற்றரசு ஒன்று இந்நாட்டார்க்கு அனுப்பியதாகக் கல்லில் எழுதப்பட்டுள்ள மிகப் பழைய செய்திகளுள் ஒன்று யாதென அறியின் அன்பர்கள் வியப்படைவர். அது வாளன்று, வேலன்று, மருந்து.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மகதப் பேரரசனாயிருந்த அசோகன், தன் எல்லைக்குப் புறத்தே வாழ்ந்த அரசுகளைத் தன் 2ஆம் பாறைக் கல்வெட்டில் எண்ணுகின்றான். சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் என்பாரோடு சத்தியபுத்திரர் என்பாரும் ஆண்டுக் கூறப்படுகின்றனர். இவ்விடங்களிலெல்லாம் மக்கட்கும் விலங்குகட்கும் இருவகை மருத்துவம் ஏற்படுத்தியதும், மூலிகைகள் இல்லாத இடங்கட்கு அவற்றைக் கொணர்வித்து நடுவித்ததும், வழிகளிற் கிணறு அகழ்ந்து மரம் வைத்ததும் அதன்கண் பொறிக்கப்பட்டன. சத்தியபுத்திரர் யாவர் என்பது நெடுங்காலம் ஐயத்துக்கு இடமாயிருந்தது. திருக்கோவலூரை அடுத்த ஜம்பை என்னும் ஊரில் 1981இல் வெளிப்பட்ட பழந்தமிழ்க் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியை அப்பெயராற் குறித்தமையின், அவர் தகடூர் அதியமான் மரபினரே என்பது அறிஞரால் உறுதி செய்யப்பட்டது.

அசோகன் பிறப்பிலேயே அருளாளன் அல்லன். கலிங்கப் போரில் 1,00,000 பேர் மாண்டனர் என்றும், 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டனர் என்றும், அதனினும் பன்மடங்கினர் பின்னர் அழிந்தனர் என்றும் தன் 13ஆம் கல்வெட்டில் தானே எழுதி வருந்தினான். அவன் புறச்சமயத்தவனே, எனினும் வலியுடையான் ஒருவன் வலி குறைந்த அயலார்க்கு எதனை அனுப்பவேண்டும் என்பதில் அவன் கண்ட முடிபு சைவ நன்மக்களாலும் போற்றற்குரியது.

இனித் தகடூரினின்றும் பேரரசொன்றற்குச் சென்ற தூதும் உண்டு. அதியமானுக்கும் காஞ்சித் தொண்டைமானுக்கும் பகை மூண்டபோது ஔவையார் தூது சென்றனர். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவர்க்குக் காட்டினான். நெய் பூசி, மாலை சூட்டி, மயிற்பீலி அணிந்து கோலமாக விளங்கின அக்கருவிகளைப் புகழ்வார்போன்று, அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்று அம்மூதாட்டியார் கூறியதைப் புறநானூறு கற்றார் அறிவர். படைக்கலத்தைக் காட்சிப் பொருளாக்கி வேற்று நாட்டார்க்குக் காட்டும் வழக்கம் அன்றே இருந்தது. அத்தொண்டை நாட்டிலேயே, மாமல்லபுரத்தை அடுத்த திருவிடந்தையில், 2018ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் இந்திய அரசின் படைத்தளவாடக் கண்காட்சி நான்கு நாள் நடைபெற்றது. தொண்டைமான் காட்டியது அஞ்சுவித்தற்கு. இக்காலத்தார் காட்டுவது விற்றற்கு. வேற்றுமை இதுவே.

அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டிற்குப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் ஒன்று அறிவிக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டு சனவரியில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பெற்றது. சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி என்பன அதன் ஐந்து நிலையங்கள். ஓசூர்க்கும் சேலத்திற்கும் இடையே கிடப்பது தருமபுரி. பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பங்களின் மைந்தர் ஓசூர்த் தொழிற்சாலைகளை நாடிச் செல்லுதல் கண்கூடு. அவர் கடைந்து கொடுக்கும் உறுப்பு மருத்துவமனைக் கருவிக்குச் செல்லுமா, ஏவுகணைக்குச் செல்லுமா என்பதை அவர் அறியார். ஆதலின் மேற்கூறிய வினா இனி இந்நாட்டு இல்லங்களின் வாயிலிலும் வந்து நிற்கும்.

நாட்டின் நிலையையும் சிறிது நோக்குதல் வேண்டும். இந்தியா நெடுங்காலம் படைக்கலம் வாங்கும் நாடுகளுள் முன்னணியில் நின்றது. சுவீடன் நாட்டு அமைதி ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, 2020 முதல் 2024 வரை உலகில் வாங்கினாருள் இந்தியா இரண்டாம் இடத்தது. வாங்கியவற்றுள் நூற்றுக்கு 36 பங்கு ருசியாவினின்றும் வந்தது. 2010 முதல் 2014 வரை அது 72 பங்காயிருந்தது. இப்பொழுது இந்தியா விற்கும் நாடாகவும் வளர்ந்து வருகின்றது. 2013-14இல் 686 கோடி ரூபாயளவினதாயிருந்த படைத்தளவாட ஏற்றுமதி 2024-25இல் 23,622 கோடியாயிற்று.

வாங்குவோனுக்கு உள்ள இடர் ஒன்று. விற்போனுக்கு உள்ளது மற்றொன்று. வாங்குவோன் வாய் கட்டப்படுகின்றான். ருசியா உக்கிரேன் மீது 2022இற் படையெடுத்தபோது, அதனைக் கண்டித்து ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவையில் வந்த தீர்மானத்தில் இந்தியா எப்பக்கமும் வாக்களியாது ஒதுங்கியது. அவ்வொதுக்கத்திற்குப் படைக்கலத்திற்காக ருசியாவைச் சார்ந்திருத்தலும் ஒரு காரணம் என்று பலரும் கருதினர். தன் வேலுக்குப் பிறன் உலைக்களத்தை நம்பினவன், அவ்வுலைக்களத்தான் செய்யும் தீமையை வாய்திறந்து கூறத் தயங்குவான் என்பது இயல்பு. விற்போனுடைய இடரோ இதனினும் ஆழமானது. அது வினையைப் பற்றியது.

இலங்கையில் நிகழ்ந்ததைத் தமிழர் மறத்தல் இயலாது. அந்நாட்டு வான்படை செலுத்திய கிபிர் விமானங்கள் இசுரேலினின்றும், மிக்-27 விமானங்கள் உக்கிரேனினின்றும், எப்-7 விமானங்கள் சீனத்தினின்றும் சென்றவை. 2009ஆம் ஆண்டு மே திங்களில் முடிவுற்ற போரின் இறுதிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் தொகை 40,000 வரை இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இற் கூறியது. இலங்கை அரசு அதனை மறுத்தது. அக்குழுவே, விடுதலைப் புலிகள் பொதுமக்களைக் கேடயமாகப் பிடித்துவைத்தனர் என்றும், தப்பியோட முயன்றாரைச் சுட்டனர் என்றும் கூறிற்று. எத்தரத்தார் கையினதாயினும், அக்கருவிகளுட் பெரும்பாலன கடல் கடந்து விலைக்கு வந்தவையே.

மியன்மாவில் 2021ஆம் ஆண்டு பிப்பிரவரியிற் படையினர் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், 100 கோடி டாலர்க்குக் குறையாத படைக்கலமும் அதற்கு வேண்டும் பொருள்களும் அவர்பாற் சென்றன என்று ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் 2023இல் எழுதினார். அவற்றுள் ருசியாவினின்றும் சென்றவை 40 கோடி டாலர்க்கு மேற்பட்டன. சீனத்தினின்றும் சென்றவை 26 கோடிக்கு மேற்பட்டன. இந்தியாவினின்றும் சென்றவை 5 கோடியளவின.

இக்கேட்டினைத் தடுத்தற்கு 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை ஆயுத வணிக உடன்படிக்கையை நிறைவேற்றியது. இனப்படுகொலைக்கோ, மக்களினத்துக்கு எதிரான குற்றங்களுக்கோ பயன்படும் என்று அறிந்தவிடத்துப் படைக்கலம் கொடுத்தலாகாது என்பது அதன் உயிர்நாடி. 2014 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. வாக்கெடுப்பில் இந்தியா ஒதுங்கி நின்றது. அவ்வுடன்படிக்கை விற்கும் நாடுகளின்பாற் சாய்ந்துளது என்றும், அரசல்லாத பயங்கரக் கூட்டத்தார் கையிற் படைக்கலம் சேர்தலைத் தடுக்கப் போதியதன்று என்றும் காரணங் கூறியது. அமெரிக்கா கையொப்பமிட்டும், அதனாற் கட்டுப்படாது என 2019இல் அறிவித்தது. ருசியா கையொப்பமே இட்டிலது. சீனம் 2020இற் சேர்ந்தது. பெரிய அரசுகள் இங்ஙனம் வேறுபட்டு நிற்றலின், எழுதப்பட்ட சட்டத்தை மட்டும் நம்பி இவ்வினாவை முடித்தல் கூடாது. இனிச் சித்தாந்தத்தின்பாற் செல்க.

"கொலைப் பாவம் கொன்றவனையே சாரும், கருவி சடம், சடத்தைக் கொடுத்தோன் மேல் வினை ஏறாது" என்பது முதலாவது தடை. காரணங்கள் முதல், துணை, நிமித்தம் என மூன்றென்பது நூல் வழக்கு. குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். கொலைத்தொழிலிற் படைக்கலம் துணைக்காரணம் ஆதலின், அதனைத் தந்தோன் நிமித்தகாரணன் ஆகான் என்பது தடையாளர் கருத்து. திரிகையைத் தச்சன் குயவனுக்கு விற்றல்போல வாளை வணிகன் விற்றான் என்பர்.

உவமை முழுதும் ஒவ்வாது. வினை என்பது கை கால்களின் அசைவு மாத்திரமன்று. அறிவு, இச்சை, செயல் என்னும் உயிரின் ஆற்றல் மூன்றும் ஒன்றன்மேற் சென்று பொருந்தும்வழி ஆண்டு வினை உளதாகின்றது. நிலத்தினின்றும் இரும்பைத் தோண்டினவன் அது யார் கைக்குச் செல்லும் என்று அறியான். அவன்பால் அறிவு இல்லை. நெருப்பிடுவான் என்றறிந்தே ஒருவனுக்குத் தீப்பந்தம் விற்றவனிடத்தோ மூன்றும் உள. வாங்குவோன் ஊரைக் கொளுத்துவான் என அறிந்தான், இஃது அறிவு. அவன் தரும் பொருளை விரும்பினான், இஃது இச்சை. பந்தத்தை எடுத்து நீட்டினான், இது செயல். மூன்றும் நிரம்பினவிடத்து வினை இல்லை என்றல் எங்ஙனம் பொருந்தும்?

இதனைச் சைவர்க்குப் புதிதாக விளக்கவேண்டுவதும் இன்று. புலால் மறுத்தலே அவர் ஒழுக்கத்தின் அடிப்படை. "யான் கொன்றிலேன், கொன்று வைத்ததை விலைக்கு வாங்கினேன், ஆதலின் எனக்குப் பாவம் இல்லை" என்னும் சொல்லைத் திருவள்ளுவனார் புலான்மறுத்தல் அதிகாரத்தில் ஏற்றிலர். உண்பார் இலராயின் விற்பாரும் இலர் என்று காரணங் காட்டி அதனை மறுத்தார். வாங்குவோனது விலையே கொல்வோனது கத்தியை இயக்குகின்றது என்பது அவர் கண்ட நுட்பம். கொலைக்குப் பின்னே நின்று பயனை வாங்குவோன் தப்பமாட்டானாயின், கொலைக்கு முன்னே நின்று கருவியை விற்போன் எங்ஙனம் தப்புவான்? ஓர் ஆட்டின் திறத்தில் ஏலாத சொல்லை ஓர் ஊரின் திறத்தில் ஏற்றல், சிறு பொறிக்கு அஞ்சிப் பெருநெருப்பிற் குதித்தலை ஒக்கும்.

இரண்டாவது தடை சித்தாந்தத்தின் பெயராலேயே எழுப்பப்படுவது. "இறந்தார் தம் பிராரத்த வினையால் இறந்தார். அவ்வினை வேறொரு வாயிலாகவேனும் வந்தே தீரும். ஆகலின் படை தந்தோன் மேற் பழி கூறுதல் என்னை?" என்பர். இது தத்துவம்போலத் தோன்றும். உண்மையில் இரக்கமின்மைக்குப் போர்த்த போர்வையாம். இறந்தோன் நுகர்ந்தது ஒரு வினை. கொன்றோன் ஈட்டியது மற்றொரு வினை. நுகரப்படுவது பிராரத்தம், ஈட்டப்படுவது ஆகாமியம். முன்னது உண்மையாதல் பற்றிப் பின்னது பொய்யாகாது. அங்ஙனம் ஆகுமாயின், நோயாளனைக் கத்தியால் அறுத்துப் பிழைப்பிக்கும் மருத்துவனும், வழிப்போக்கனைக் கத்தியால் அறுத்துப் பொருள் கவரும் கள்வனும் ஒருநிகராவர். அதனை எவரும் உடன்படார். மேலும், ஒருயிரின் பிராரத்தத்தை அறிவான் இறைவன் ஒருவனே. முள்ளிவாய்க்காலிற் குழந்தையை இழந்த தாயின் முன் நின்று, "இஃது உன் வினை" என்று கூறுவோன், சிவபெருமானுக்கே உரிய கணக்கைத் தான் எழுத முயலும் ஆணவத்தனாவான்.

மூன்றாவது தடை பழந்தமிழ் வழக்கைக் காட்டுவது. சங்கச் செய்யுளொன்றில் மறக்குடித் தாயொருத்தி, பெற்று வளர்த்தல் தனக்கும், சான்றோனாக்குதல் தந்தைக்கும், வேல் திருத்தித் தருதல் கொல்லனுக்கும், நன்னடை அருளல் வேந்தனுக்கும் கடன் எனப் பகுத்துரைத்தாள். ஆகவே கருவி செய்தல் குற்றமன்று, கடமையே என்பர். உண்மை, அறத்தின்வழி நாடு காத்தற்குப் படை வேண்டும் என்பதைச் சைவம் மறுப்பதன்று. ஆயினும் அத்தாய் கூறிய முறையை நோக்குக. கொல்லன் தனித்து நிற்கின்றிலன். அவனுக்கு முன்னே சான்றாண்மை கற்பிக்கும் தந்தை நிற்கின்றான். பின்னே நன்னடை தரும் வேந்தன் நிற்கின்றான். இவ்விருவர்க்கும் இடைப்பட்ட வேலே அறவேல். இருபுறத்தாரையும் நீக்கிக் கொல்லனையும் விலையையும் மட்டும் நிறுத்துவது இக்காலத்து வணிகம்.

ஏனாதிநாத நாயனார் வாட்பயிற்சி கற்பித்துப் பெற்ற பொருளால் அடியார்க்குத் தொண்டு செய்தவர். படைத்தொழிலால் வாழ்ந்த ஒருவர் திருத்தொண்டராயினமை உண்மையே. ஆனால் அவர் முடிவினை நினைக. வஞ்சனையால் திருநீறு பூசிவந்த அதிசூரனது நெற்றியைக் கண்டவுடன் அவர் எதிர்த்தலை ஒழிந்தார். வாளையும் பலகையையும் எறிந்துவிடவும் கருதினார். அங்ஙனம் எறியின், படைக்கலம் இல்லாதவரைக் கொன்றான் என்னும் பழி அவனைச் சாருமே என்றெண்ணி, எதிர்ப்பார்போல அவற்றை ஏந்தியே நின்றார். தம்மைக் கொல்ல வந்தவன் மேலும் ஒரு பாவம் ஏறலாகாது என்று கருதியது அவர் கருணை. படைக்கலம் ஏந்தினோர்க்குரிய அறத்தின் கொடுமுடி இதுவேயாம். நாயனார் பகைவனது வினையையும் குறைக்க முயன்றார். கொடியோன் என்றறிந்தும் நட்பரசனுக்குப் படை விற்போன் அந்நண்பனது வினையைப் பெருக்குகின்றான். ஆகவே படை கொடுத்தல் இறந்தார்க்கு மட்டுமன்று, வாங்கினார்க்கும் இழைக்கும் தீங்காம்.

நான்காவது தடை அனைத்தினும் வலியது. "சிவபெருமானே இராவணனுக்கு வாள் கொடுத்தருளினார், அருச்சுனனுக்குப் பாசுபதம் அருளினார். படை கொடுத்தல் வினையாயின் அது பெருமானையும் பற்றுமன்றோ?" என்பர். இறைவன் செயல் விருப்பு வெறுப்பின்றி உயிர்களின் பக்குவம் நோக்கி நிகழ்வது. அவனை வினை பற்றாது என்பது சித்தாந்தத் துணிபு. எனினும் அத்திருவிளையாடல்களில் மாந்தர்க்கு உரிய பாடமும் உண்டு. இராவணன் கயிலையை எடுத்தபோது திருவிரலால் அவனது செருக்கு முதற்கண் நெரிக்கப்பட்டது. அவன் சாமகீதம் பாடிக் கசிந்தான். அதன் பின்னரே வாள் அளிக்கப்பட்டது. பின்பும் அவன் செருக்கியபோது அவ்வாள் அவனைக் காத்திலது. அருச்சுனனோ தவத்தில் நின்றான். வேடராய் வந்த பெருமானோடு பொருது தன் வலியும் பணிவும் புலப்படுத்தினான். பாசுபதம் பெற்றபோது அதனை ஆராயாது விடுத்தலாகாது, வலி குறைந்தார் மேல் ஏவலாகாது என்னும் ஆணையையும் உடன்பெற்றான். முற்றும் உணர்ந்த முதல்வனே வாங்கும் கையைச் சோதித்தும், கட்டளையிட்டும் கொடுத்தருளினான் எனின், நாளை நிகழ்வதை அறியாத மனிதன் சோதனையும் கட்டளையும் இன்றி விலை ஒன்றே நோக்கிக் கொடுத்தல் எத்துணைப் பேதைமை!

ஐந்தாவது தடை அரசியலார் கூறுவது. "யாம் கொடாவிடில் பிறர் கொடுப்பர், நட்பும் இழப்போம், பழியும் குறையாது" என்பர். இதற்கு நிகழ்ச்சியும் காட்டுவர். இலங்கையில் மக்களுரிமை பேணப்படாமை பற்றி 2007ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பேரவை அந்நாட்டிற்குரிய படையுதவியைக் கட்டுப்படுத்திச் சட்டம் செய்தது. ஆயினும் போர் நின்றிலது. சீனம் முதலிய நாடுகளின் படைக்கலம் தொடர்ந்து சென்றது. ஆகலின் மறுத்ததனாற் பயன் என்னை என்பர்.

உலகத்தில் விளையும் பயன் ஒன்று. உயிரிற் பற்றும் வினை ஒன்று. அயலான் கள் விற்பான் என்பதனால் ஒருவன் கள் விற்றல் அறமாகாது. யாவரும் இங்ஙனமே கூறின், மறுப்பவன் ஒருவனும் எஞ்சான். தீயோனுக்கு எல்லா வாயிலும் திறந்தே கிடக்கும். முதலில் மறுப்பவன் தனியனாய் நிற்றல் உண்மை. அத்தனிமையை அஞ்சாமையே அறவோர்க்கு அழகு. கொடுத்ததனால் நட்பு நிலைக்கும் என்பதும் உறுதியன்று. 1983ஐ அடுத்த ஆண்டுகளில் இலங்கைத் தமிழ்ப் போராளிகட்கு இந்தியாவே பயிற்சியும் படைக்கலமும் அளித்தது. 1987இல் அமைதி காக்கச் சென்ற இந்தியப் படையினர் அவருள் ஒரு சாராரோடு பொரவேண்டியதாயிற்று. 1990இல் மீளுமுன் 1,000க்கு மேற்பட்ட வீரர் உயிரிழந்தனர். திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனார் முன் முத்தநாதன் அவிழ்த்த கட்டில், புறத்தே சுவடி, அகத்தே கத்தி. நட்பு, உதவி, உடன்படிக்கை என்று எழுதிய ஏடுகளின் அகத்தும் கத்தி உளதா என்று நோக்குதல் இக்காலத்து அரசர்க்கு இன்றியமையாதது.

இனி, மக்களுரிமை என்று உலகத்தார் கூறுவதற்குச் சித்தாந்தத்தில் இடம் யாது? ஐக்கிய நாடுகளின் பேரவை 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் மக்களுரிமைப் பேரறிக்கையை வெளியிட்டது. மனிதன் மனிதனாதல் பற்றியே அவனுக்கு உரிமை உண்டு என்பது அதன் கொள்கை. சைவம் இன்னும் ஆழமான அடிப்படையைக் காட்டும். பதி உடையவன், பசு அவனது உடைமை. உயிர் சிவனுக்கு அடிமை. ஆதலினாலேயே அது பிறர் எவர்க்கும் அடிமையன்று. பிறனுடைய பொருளைக் கவர்ந்தோன் கள்வன் எனப்படுவானாயின், சிவனுடைய உயிரைச் சிறையிட்டும் சித்திரவதை செய்தும் கொன்றும் ஆள்வோன் கள்வரினும் கொடியனாவான். அவனுக்குக் கருவி தருவோன், கோயிற் கருவூலத்தைக் கொள்ளையிடுவானுக்குத் திறவுகோல் தந்தவனே.

இவ்வுண்மையைத் திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாறு விளக்கும். பல்லவப் பேரரசன் அழைத்தபோது, தாம் சிவனுக்கே ஆளென்றும் பிறர்க்குக் குடியல்லரென்றும் அப்பெருமான் அஞ்சாது கூறினார். அதற்காக அவர் நீற்றறையில் இடப்பட்டார், நஞ்சூட்டப்பட்டார், யானையின் முன் நிறுத்தப்பட்டார், கல்லோடு பிணித்துக் கடலில் வீழ்த்தப்பட்டார். சமயக் கொள்கைக்காக ஒரு தனிமனிதர் மீது ஓர் அரசு தன் வலிமை முழுவதையும் ஏவியது. அந்நிகழ்ச்சியில் ஒன்றனைச் சிறப்பாகக் கருதுக. யானை அரசனது படைக்கலம். கொல்லும்படி ஏவப்பட்ட அப்படைக்கலம் பெருமானை வலம்வந்து வணங்கிற்று. மீண்டும் ஏவின பாகரையே எதிர்த்துத் திரும்பிற்று. உயிருள்ள கருவி ஆதலின் அது மறுத்தது. இக்காலத்து ஏவுகணைக்கும் வானூர்திக்கும் அவ்வறிவு இல்லை. நாவரசர் வரினும் அவை நின்று வணங்கா. மருத்துவமனை வரினும் விலகிச் செல்லா. ஆகவே அவ்யானை செய்த மறுப்பை இனிச் செய்யவேண்டியவன் மனிதனே: செய்வோன், விற்போன், இசைவோன் என்னும் மூவருமே.

இம்மூவர்க்கும் பொறுப்பு ஒரே அளவினதன்று. அறிவும், மறுக்கும் ஆற்றலும் எவன்பால் மிகுதியோ அவன்பால் வினையும் மிகுதி. வாங்குவோன் கை எத்தகையது என்று ஆராய்தற்குரிய தூதரும் ஒற்றரும் அரசன்பால் உளர். ஆதலின் முதற்பழி அவனது. விலையை விரும்பி அவ்வாராய்ச்சியை மறைக்கும் வணிகன் அடுத்தவன். வயிற்றுக்காகக் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் தருமபுரி இளைஞன்பால் பழி மிகச் சிறிது. நாடு காக்கும் கருவி செய்தலில் அவனுக்கு இழுக்கும் இல்லை. ஆயினும், "இஃது எங்குச் செல்லும்?" என்று கேட்கும் உரிமை அவனுக்கும் உண்டு. கேட்கக்கூடியபோது கேளாது விட்டால், அறியாமை அரணாகாது. அவனைப் போன்றோர் வாக்கினால் அமைந்த அரசாதலின், குடிகளின் மௌனமும் உடன்பாடாக எண்ணப்படும்.

தகடூர்க் கோட்டையைப் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான். முனை முறிந்த வேல்களும் போயின. தொண்டைமானது கொட்டிலிற் கோலமாய் விளங்கிய வேல்களும் போயின. அதியமானைப் பற்றி இன்றும் தமிழ்க் குழந்தைகள் முதலில் அறிவது யாது? தான் உண்டு நெடிது வாழ்தற்குரிய நெல்லிக்கனியை ஔவையார்க்கு ஈந்தான் என்பதே. அந்நாட்டுக்கு வந்த மிகப் பழைய கொடையாகக் கல்லிற் காணப்படுவதும் மருந்து. அந்நாட்டினின்றும் சென்ற கொடைகளுள் நிலைத்து நிற்பதும் மருந்தாகிய கனி. அரசுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் பொருள்களுள் எவை காலத்தை வென்று நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. கொடுக்கும் கையை இறைவன் காண்கின்றான்; கொடுத்த பொருள் சென்றடைந்த கையையும் காண்கின்றான். இரண்டற்கும் இடைப்பட்ட தொலைவு அவன் கணக்கில் இல்லை.

திருச்சிற்றம்பலம்.